ஊசி சொல்லும் சாட்சி

கற்பிட்டியிலிருந்து சிலாபம் வரையான கரையோரத்தில் சிறுநீரகக் கட்டி, உலகின் மற்ற இடங்களைப் போலவே, இப்போது தேடாமலே அகப்படுகிறது. பித்தப்பைக் கல்லுக்கோ, விட்டுவிட்டு வரும் வயிற்று நோவுக்கோ ஸ்கேன் எடுக்கப் போனவரின் அறிக்கையில் கேளாத ஒரு வரி வந்து நிற்கிறது: இடது சிறுநீரகத்தில் 3 சென்ரிமீற்றர் அளவில் ஒரு கட்டி. அவருக்கு அதனால் வலி இல்லை, சிறுநீரில் குருதி போனதும் இல்லை. இன்று கண்டுபிடிக்கப்படும் சிறுநீரகப் புற்றுகளில் பாதிக்கு மேல் இப்படித் தற்செயலாகத் தெரியவருபவைதான். தெரிந்த பிறகு அந்தச் சிறுநீரகத்தை அப்படியே விடுவதா, கட்டியை மட்டும் வெட்டுவதா, முழுச் சிறுநீரகத்தையும் எடுப்பதா என்று முடிவெடுத்தாக வேண்டும். மார்பகத்தில் கட்டி என்றால் ஊசியால் இழையம் எடுத்துப் பார்க்காமல் எவரும் சத்திரசிகிச்சைக்குத் திகதி குறிப்பதில்லை. புரஸ்டேட்டுக்கும் தைரொயிட்டுக்கும் அதுவே முறை. சிறுநீரகத்தில் மட்டும் பல பத்தாண்டுகளாக வழக்கம் தலைகீழ்: முதலில் வெட்டி எடுப்பது, பிறகு நுணுக்குக்காட்டியில் பார்ப்பது. அதற்குச் சொல்லப்பட்ட முதற்காரணம், சிறுநீரகப் பயொப்சியை, அதாவது ஊசியால் இழையம் எடுத்துப் பார்க்கும் பரிசோதனையை, நம்ப முடியாது என்பது. கையில் இருக்கும் ஆதாரங்களை வைத்துப் பார்த்தால் இந்தக் காரணம் பாதி பழையது, மற்றப் பாதி தவறான இடத்தில் வைக்கப்பட்டது.

பழைய வழக்கத்தை மூடத்தனம் என்று தள்ளிவிடவும் கூடாது. 1869இல் ஜேர்மனியின் ஹைடல்பேர்க் நகரில் குஸ்தாவ் சைமன் திட்டமிட்டு ஒரு சிறுநீரகத்தை அகற்றி, மனிதர் மற்றதோடு உயிர்வாழலாம் என்று காட்டினார். 1960களில் ரொறன்ரோவில் சார்ள்ஸ் ரொப்சன், புற்று வந்த சிறுநீரகத்தை அதைச் சூழ்ந்த கொழுப்பு, அட்ரீனல் சுரப்பி, நிணநீர்க் கணுக்கள் ஆகியவற்றோடு சேர்த்து எடுக்கும் முறையை நிலைநாட்டினார். அந்தக் காலத்து நோயாளி வைத்தியரிடம் வரும்போது கட்டி கைக்குத் தட்டுப்படும் அளவுக்கு வளர்ந்திருக்கும், சிறுநீர் சிவந்திருக்கும், விலா நோகும். அந்த நிலையில் இருக்கும் கட்டி புற்றாக இல்லாதிருப்பது அரிது. ஊசிக்கு வழிகாட்ட நல்ல ஸ்கேனும் இல்லை. மெல்லிய ஊசியால் உறிஞ்சினால் சிதறிய சில கலங்கள்தான் கிடைக்கும். 1970களில் சீ.ரி. ஸ்கேன் வந்ததும் படமே போதுமான சாட்சியாகிவிட்டது. விடை ஏறத்தாழத் தெரிந்த வழக்கில் தடுமாறுகிற இன்னொரு சாட்சியை எதற்குக் கூப்பிட வேண்டும் என்று அன்றைய சத்திரசிகிச்சை நிபுணர்கள் நினைத்ததில் பிழை இல்லை.

மாறியது கட்டியின் அளவு. அமெரிக்காவின் மேயோ கிளினிக் 1970 முதல் 2000 வரை தான் அகற்றிய 2,935 சிறுநீரகக் கட்டிகளை 2003இல் அளவுவாரியாகப் பிரித்துக் காட்டியது. 7 சென்ரிமீற்றரும் அதற்கு மேலும் இருந்தவற்றில் தீங்கற்றவை 6 வீதம் மட்டுமே. 1 முதல் 4 சென்ரிமீற்றர் வரையானவற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று தீங்கற்றது. 1 சென்ரிமீற்றருக்கும் குறைந்தவற்றில் கிட்டத்தட்டப் பாதி தீங்கற்றவை. இவை எல்லாமே புற்று என்ற சந்தேகத்தில் வெட்டி எடுக்கப்பட்டவை என்பதை மறக்கக் கூடாது. அமெரிக்கா முழுவதற்குமான இன்னொரு மதிப்பீடு, 2009ஆம் ஆண்டில் மட்டும் அந்நாட்டில் சுமார் 5,600 தீங்கற்ற கட்டிகள் சத்திரசிகிச்சையில் அகற்றப்பட்டன என்கிறது. ஸ்கேன் வசதி பெருகப் பெருக இந்தத் தொகையும் ஏறியிருக்கிறது. படத்தால் இதைத் தடுக்க முடியாதா? ஓரளவுக்கு முடியும். அஞ்சியோமயோலிப்போமா என்ற தீங்கற்ற கட்டிக்குள் கொழுப்பு இருந்தால் சீ.ரி. படம் அதை ஐயமின்றிக் காட்டிக்கொடுக்கும். கொழுப்புக் குறைந்த அஞ்சியோமயோலிப்போமாவும், ஒன்கோசைற்றோமா என்ற மற்றொரு தீங்கற்ற கட்டியும் படத்தில் புற்றைப் போலவே தோன்றும். ஸ்கேன்தான் இந்தக் கேள்வியை எழுப்பியது. அதற்கு விடை சொல்லும் திறன் ஸ்கேனிடம் முழுமையாக இல்லை.

இன்றைய பயொப்சியும் அந்தக் காலத்து ஊசி அல்ல. அரிசி மண்டியில் மூட்டையை அவிழ்க்காமலே குத்தூசியைச் செருகி உள்ளே இருக்கும் அரிசியை எடுத்துப் பார்ப்பார்களே, ஏறத்தாழ அதுதான் முறை. நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்து, முதுகுத் தோலை மருந்தால் விறைக்கச் செய்து, ஸ்கேன் திரையைப் பார்த்தபடி ஒரு வெளிக்குழாயைக் கட்டியின் விளிம்பு வரை கொண்டுபோகிறார்கள். அதற்குள்ளால், ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றே கூடிய தடிப்புள்ள வெட்டும் ஊசி போய், நூல் துண்டு போன்ற இழையத்தை வெட்டிக்கொண்டு வருகிறது. குறைந்தது இரண்டு துண்டுகளாவது எடுப்பார்கள். பெரிய கட்டியானால் நடுப்பகுதி அழுகி இறந்துபோயிருக்கக்கூடும் என்பதால் ஓரத்திலிருந்து எடுப்பது வழக்கம். நோயியல் நிபுணர் அதைச் சாயமேற்றிப் பார்க்கிறார். ஐயம் இருந்தால் குறிப்பிட்ட புரதங்களைத் தேடிப் பிடிக்கும் சிறப்புச் சாயங்களையும் பயன்படுத்துகிறார். எடுத்த அளவு எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. 3 சென்ரிமீற்றர் கட்டியின் கன அளவு சுமார் 14 மில்லிலீற்றர். இரண்டு நூல் துண்டுகளும் சேர்ந்து அதில் தோராயமாக ஆயிரத்தில் ஒன்றோ இரண்டோ பங்குதான். இந்தச் சிறு பங்கு முழுக் கட்டிக்காகவும் பேச வேண்டும். எதைப் பற்றி அதனால் பேச முடியும், எதைப் பற்றிப் பேச முடியாது என்பதுதான் நம்பகத்தன்மை பற்றிய உண்மையான கேள்வி.

2016ஆம் ஆண்டில் இரண்டு பெரிய தொகுப்பாய்வுகள் வெளிவந்தன. ஐரோப்பியத் தொகுப்பு 57 ஆய்வுகளிலிருந்து 5,228 நோயாளிகளைத் திரட்டியது. வெட்டும் ஊசியால் எடுத்த இழையம், புற்றைப் புற்று என்று சொன்னது 99 வீதத்துக்கும் மேல். தீங்கற்றதைத் தீங்கற்றது என்று சொன்னதும் அதே அளவு. உறிஞ்சும் மெல்லிய ஊசி இரண்டிலும் பின்தங்கியது. அமெரிக்கத் தொகுப்பு சற்றுக் கடுமையாக அளந்தது. அதன்படி புற்றைக் கண்டறியும் திறன் 97.5 வீதம், தீங்கற்றதை அடையாளம் காணும் திறன் 96.2 வீதம். ஆனால் எடுத்த பயொப்சிகளில் 14 வீதம் எந்த விடையும் தரவில்லை. ரொப்சன் தன் முறையை வகுத்த அதே ரொறன்ரோ நகரில், சிறு கட்டிகளுக்கு முறையாகப் பயொப்சி செய்து 2015இல் வெளியிட்ட 529 பேரின் பதிவுகளில், முதல் முயற்சியிலேயே 90 வீதத்தினருக்கு விடை கிடைத்தது. விடை கிடைக்காதவர்களில் சிலருக்கு மறுபடி எடுத்தபோது அது 94 வீதமாக உயர்ந்தது. இப்படிப்பட்ட எண்களைப் பார்த்துவிட்டு நம்ப முடியாத பரிசோதனை என்று சொல்ல இயலாது. ஆனால் 97, 99 என்ற எண்களைக் கண்டு, வருகிற எந்த விடையையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கலாம் என்று எண்ணுவதும் அதே அளவு பிழை.

பயொப்சி மூன்று விதமாகப் பதில் சொல்லும்: புற்று, தீங்கற்றது, சொல்ல முடியவில்லை. மூன்றின் நம்பகத்தன்மையும் ஒன்றல்ல. புற்று என்று வந்தால் அதை ஏற்கலாம். அமெரிக்கத் தொகுப்பில் அப்படி வந்தவற்றுள் சத்திரசிகிச்சையில் பொய்த்தவை ஆயிரத்தில் இரண்டு அளவே. சொல்ல முடியவில்லை என்ற பதில்தான் அதிகம் தவறாக விளங்கிக்கொள்ளப்படுவது. ஊசி கட்டியின் பக்கத்தில் இருந்த நல்ல இழையத்தை எடுத்திருக்கலாம், இறந்த பகுதியை எடுத்திருக்கலாம், துண்டு போதாமல் இருந்திருக்கலாம். அறிக்கையில் புற்றுக் கலங்கள் காணப்படவில்லை என்ற வரியைப் படித்துவிட்டு, பயம் இல்லையாம் என்று வீட்டுக்குப் போய்விடும் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. இப்படி விடை கிடைக்காமல் பின்னர் வெட்டி எடுக்கப்பட்ட கட்டிகளில் 90 வீதமானவை புற்றாக இருந்தன. கரைவலையில் மீன் படவில்லை என்றால் வலை விழுந்த இடத்தில் மீன் இல்லை என்றுதான் பொருள். கடலில் மீன் இல்லை என்று யாரும் கரையேறிவிடுவதில்லை. விடை கிடைக்காத பயொப்சியை மறுபடி எடுக்க வேண்டும், அல்லது அது எடுக்கப்படவே இல்லை என்று கருதி அடுத்த முடிவுக்குப் போக வேண்டும்.

தீங்கற்றது என்ற பதில்தான் நுட்பமாக ஆராய வேண்டியது. ஊசியை எதிர்ப்பவர்கள் அமெரிக்கத் தொகுப்பின் இன்னோர் எண்ணை எடுத்துக்காட்டுவார்கள்: தீங்கற்றது என்று பயொப்சி சொன்ன பிறகும் சத்திரசிகிச்சை செய்யப்பட்டவர்களில் 37 வீதத்தினருக்குப் புற்று இருந்தது. மூவரில் ஒருவருக்குப் பொய் சொல்லும் பரிசோதனையை எப்படி நம்புவது என்பது அவர்களின் கேள்வி. எண் உண்மை; முடிவு பொருந்தவில்லை. தீங்கற்றது என்று வந்த பெரும்பாலானோர் சத்திரசிகிச்சைக்குப் போவதே இல்லை. போனவர்கள், கட்டி வேகமாக வளர்ந்ததாலோ, படம் அச்சம் தந்ததாலோ, அறிக்கையில் வைத்தியருக்கே நம்பிக்கை வராததாலோ போனவர்கள். சந்தேகப்பட்டுப் பொறுக்கி எடுத்த காய்களில் அழுகல் கூடுதலாக இருந்தது என்பதை வைத்துத் தோப்பு முழுவதையும் அழுகல் என்று சொல்ல முடியாது. சிறு கட்டி உள்ள 100 பேரை எடுத்துக்கொள்வோம். 80 பேருக்குப் புற்று, 20 பேருக்கு இல்லை என்க. மேலே சொன்ன திறன்களின்படி அந்த 80 பேரில் 78 பேரை ஊசி பிடிக்கும், இரண்டு பேரைத் தவறவிடும். 20 பேரில் 19 பேருக்குச் சரியாக விடை சொல்லும். ஆக, தீங்கற்றது என்ற தாளோடு வெளியே வருகிற 21 பேரில் இருவர் தவறாகத் தேற்றப்பட்டவர்கள். பத்தில் ஒன்று என்ற இந்தக் கணக்கு 37 வீதத்தை விட எவ்வளவோ குறைவு. ஆனாலும் பூச்சியம் அல்ல. அதனால்தான் தீங்கற்றது என்று வந்தவரையும் ஸ்கேன் மூலம் தொடர்ந்து கவனிக்க வேண்டும்.

அதே ஊசியை 8 சென்ரிமீற்றர் கட்டிக்குள் செலுத்திப் பாருங்கள். மேயோ கிளினிக்கின் கணக்குப்படி அத்தகைய 100 கட்டிகளில் 94 புற்று. ஊசியின் திறன் மாறவில்லை என்றே வைத்தாலும், இரண்டுக்குச் சற்று மேலான புற்றுகள் தவறும். தீங்கற்ற ஆறும் சரியாகத் தெரியும். தீங்கற்றது என்று வந்த எட்டுப் பேரில் இரண்டு பேருக்கு மேல் புற்று, அதாவது நாலில் ஒன்றுக்கும் அதிகம். ஊசி ஒன்று, அதைப் பிடித்த கை ஒன்று, பார்த்த நிபுணர் ஒருவர். ஆனால் சிறு கட்டிக்குத் தந்த ஆறுதலைப் பெரிய கட்டிக்குத் தர முடியவில்லை. பயொப்சியின் நம்பகத்தன்மை ஊசிக்குள் ஒட்டியிருக்கும் ஒரு நிலையான குணம் என்று நினைப்பதால்தான் விவாதம் குழம்புகிறது. பரிசோதனைக்கு முன்பே புற்றுக்கான வாய்ப்பு எவ்வளவு என்பதும், எந்த விடை வந்தது என்பதும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன. படமே தெளிவாகப் பேசும் பெரிய கட்டியில் ஊசிக்கு வேலை குறைவு. படம் தடுமாறும் சிறு கட்டியில்தான் அதன் சாட்சிக்குப் பெறுமதி கூடுகிறது. பழைய வழக்கம் பெரிய கட்டிக்குச் சரியாக இருந்ததும், சிறு கட்டிக்குப் பொருந்தாமல் போனதும் இந்த ஒரே காரணத்தால்தான்.

ஊசி உண்மையாகவே தடுமாறும் இடங்கள் இரண்டு உண்டு. முதலாவது, ஒன்கோசைற்றோமா. இந்தத் தீங்கற்ற கட்டியின் கலங்களும், குரோமோபோப் என்ற புற்று வகையின் ஒரு பிரிவின் கலங்களும் நுணுக்குக்காட்டியில் உடன்பிறந்தவை போல இருக்கும். இரண்டின் இயல்பும் கலந்த கட்டிகளும் உண்டு. சிறப்புச் சாயங்கள் பல வேளைகளில் இவற்றைப் பிரித்துக் காட்டும், எப்போதும் அல்ல. அதனால் கவனமான நோயியல் நிபுணர் நூல் துண்டை மட்டும் பார்த்து ஒன்கோசைற்றோமா என்று அடித்துச் சொல்லாமல், ஒன்கோசைற்றிக் வகைக் கட்டி என்று எழுதி நிறுத்துவார். அவருக்குத் தெரியவில்லை என்று நோயாளி அதை எண்ணக் கூடாது. துண்டு தாங்கக்கூடிய அளவுக்கு மேல் அவர் சொல்லவில்லை, அவ்வளவுதான். குரோமோபோப் வகையும் பொதுவாக மெதுவாகப் போகும் புற்று என்பதால், இந்த ஐயத்தோடு காத்திருந்து கவனிப்பதும் பலருக்கு ஏற்ற வழியே.

இரண்டாவது தடுமாற்றம், புற்றின் தீவிரம். கலங்கள் எவ்வளவு உருக்குலைந்திருக்கின்றன என்பதைத் தரம் பிரித்துச் சொல்வார்கள். தரம் கூடினால் பரவும் ஆபத்தும் கூடும். புற்றின் வகையைச் சொல்வதில் பயொப்சியும் சத்திரசிகிச்சைக்குப் பிந்தைய அறிக்கையும் பத்தில் ஒன்பது தடவை ஒத்துப்போகின்றன. தரத்தைச் சொல்வதில் அந்த ஒற்றுமை இல்லை. ஊசி குறைந்த தரம் என்று சொன்னவற்றில் சுமார் ஆறில் ஒன்று வெட்டிப் பார்த்தபோது கூடிய தரமாக இருந்தது. காரணம் கட்டிக்குள்ளேயே இருக்கிறது. 2012இல் இலண்டனில் புற்று ஆய்வாளர் சார்ள்ஸ் சுவான்ரனின் குழு ஒரே சிறுநீரகக் கட்டியின் பல இடங்களிலிருந்து துண்டெடுத்து மரபணுக்களை ஒப்பிட்டபோது, ஓரிடத்தில் இருந்த மாற்றங்கள் பல மற்றோரிடத்தில் இல்லை என்று கண்டது. கற்பிட்டித் தீபகற்பத்தில் கிணறு வெட்டியவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. அங்கே மணலுக்கடியில் நன்னீர், உப்புநீரின் மேல் ஒரு மெல்லிய படலமாக மிதக்கிறது. ஒரு வளவில் தண்ணீர் இனிக்கும், சற்றுத் தள்ளிப் போனால் கரிக்கும். ஒரு கிணற்றைக் குடித்துப் பார்த்து ஊர்த் தண்ணீர் முழுவதும் இப்படித்தான் என்று சொல்வாரில்லை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற நம் பழமொழி, நன்றாகக் கிளறி ஒரே சூட்டில் வெந்த பானைக்குத்தான் சரி. கட்டி என்பது அடியில் கருகி மேலே வேகாத பானை. ஒரு பருக்கையை எடுத்து இது சோறா இல்லையா என்று சொல்லலாம். பானை முழுவதும் என்ன பதம் என்று சொல்ல முடியாது. எனவே குறைந்த தரம் என்ற ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு, வளர்கிற கட்டியைப் பல ஆண்டுகள் கவனியாமல் விடுவது தவறு.

இனி எதிர்வாதங்கள். முதலாவது எல்லோருக்கும் தெரிந்த அச்சம்: ஊசி குத்தினால் புற்று பரவிவிடும். வைத்தியம் படித்தவர்கள் இதை நீண்டகாலம் பத்தாயிரத்தில் ஒன்று என்று சொல்லிச் சிரித்துக் கடந்தார்கள். அது முழு நேர்மை அல்ல என்று 2019இல் தெரிந்தது. பிரித்தானியாவின் ஒரு பெரிய வைத்தியசாலையைச் சேர்ந்தவர்கள், பயொப்சிக்குப் பிறகு அகற்றப்பட்ட சிறுநீரகங்களில் ஊசி போன தடத்தில் புற்றுக் கலங்கள் இருந்த ஏழு சம்பவங்களை வெளியிட்டார்கள். ஏழில் ஆறு பப்பிலறி என்ற வகைப் புற்று. அதன் கலங்கள் எளிதில் உதிரக்கூடியவை. ஆகவே ஆபத்து இல்லை என்று சொல்லக் கூடாது. நாம் நினைத்ததைவிடக் கூடுதல், ஆனாலும் அரிது என்பதே சரி. வெளிக்குழாய்க்குள்ளால் ஊசியைச் செலுத்துவது தடத்தைக் காப்பதற்காகத்தான். குருதிக்கசிவு அதைவிட அடிக்கடி நேர்வது; பெரும்பாலும் தானே நின்றுவிடும், சிகிச்சை தேவைப்படும் அளவுக்குப் போவது மிகக் குறைவு. இதயத்துக்காக அஸ்பிரின், குளோபிடோக்ரல் போன்ற மாத்திரை எடுப்பவர்கள் அதை வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இந்த ஆபத்துகளைத் தனியே வைத்துப் பார்த்தால் பெரிதாகத் தெரியும். எதிர்த்தட்டில் இருப்பது பகுதி அகற்றும் சத்திரசிகிச்சை. அதன் குருதி இழப்பும் சிறுநீர்க் கசிவும் மயக்க மருந்தும் ஊசியின் ஆபத்துகளைவிடப் பல மடங்கு பெரியவை.

இரண்டாவது எதிர்வாதம் வலுவானது: விடை எதுவானாலும் செய்யப்போவது ஒன்றுதான் என்றால் எதற்குப் பரிசோதனை? இது நியாயமான கேள்வி. பல நோயாளிகளுக்கு இதற்கு விடை பயொப்சி வேண்டாம் என்பதே. பெரிய கட்டியோ வளரும் கட்டியோ உள்ள, உடல்நலமுள்ள இளையவர், சிறு ஐயமும் இல்லாமல் அகற்றிவிட விரும்பினால் ஊசி தேவையில்லை. மிக முதிர்ந்து தளர்ந்தவர், எது வந்தாலும் சத்திரசிகிச்சை இல்லை என்று முடிவானால் அவருக்கும் தேவையில்லை. கொழுப்பைக் காட்டிய அஞ்சியோமயோலிப்போமாவுக்கு வேண்டாம். நீர்ப்பை போன்ற கட்டிகளில் ஊசிக்குக் கலம் அகப்படுவது கடினம். உள்ளிருப்பது சிந்தவும் கூடும். சிறுநீர் வழியின் உட்தோலில் தோன்றும் புற்று என்ற சந்தேகம் இருந்தால் முதுகுவழி ஊசி கூடாது. ஆனால் விடை மாறினால் சிகிச்சையே மாறிவிடும் நிலைகளும் உண்டு. சிறுநீரகத்தில் இருப்பது லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றாக இருந்தால் கத்தி தேவையில்லை, மருந்துதான் தேவை. வேறோர் உறுப்பின் புற்று பரவி வந்ததாகவும் இருக்கலாம். நம்முடையதைப் போன்ற நாடுகளில் காசநோயும் நாட்பட்ட சீழ்த் தொற்றும் கட்டி வேடம் போட்டு வரும். கட்டியை வெப்பத்தால் எரித்தோ குளிரால் உறையவைத்தோ அழிப்பதானால் அதற்கு முன் இழையம் எடுத்தாக வேண்டும். அழித்த பிறகு பார்ப்பதற்கு எதுவும் மிஞ்சாது. புற்று ஏற்கெனவே உடலெங்கும் பரவியிருந்தால் எந்த மருந்து என்று தெரிவுசெய்யவும் வகை தெரிய வேண்டும். ஒற்றைச் சிறுநீரகம் உள்ளவருக்கு இந்தக் கேள்வியின் கனத்தை விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, பொதுவாகச் சொல்லப்படும் சமாதானம்: ஒன்று போனால் என்ன, மற்றது இருக்கிறதே. சிறுநீரகம் தானம் செய்தவர்கள் நலமாக வாழ்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் தானம் செய்பவர் பல பரிசோதனைகளில் தேறிய ஆரோக்கியமானவர். கட்டி வந்தவர் பெரும்பாலும் அறுபதை நெருங்கியவர், நீரிழிவோ உயர் குருதி அழுத்தமோ கூடவே உள்ளவர். நியூயோர்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெற்றரிங் நிலையம் 2006இல் வெளியிட்ட ஆய்வில், சிறு கட்டியோடு இரண்டு சிறுநீரகமும், குருதிப் பரிசோதனையில் இயல்பான கிரியற்றினினும் இருந்த 662 பேரில் நாலில் ஒருவருக்குச் சத்திரசிகிச்சைக்கு முன்பே சிறுநீரகத்தின் செயல்திறன் குறைந்திருந்தது. முழுச் சிறுநீரகமும் எடுக்கப்பட்டவர்களில் மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் நாட்பட்ட சிறுநீரகக் குறைபாட்டின் எல்லைக்குள் வந்தார்கள். பகுதி மட்டும் எடுக்கப்பட்டவர்களில் அது ஐந்தில் ஒரு பங்கு. இதனால் ஆயுள் குறைகிறது என்று நிறுவப்படவில்லை. ஐரோப்பாவில் நடந்த ஒரு குலுக்கல்முறைச் சோதனை அப்படிக் காட்டவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் இந்தக் கரையோரம் அடங்கும் புத்தளம் மாவட்டம் இருக்கும் இடத்தை நினைக்க வேண்டும். எல்லைக்கு அப்பால் அநுராதபுரம். 1990களில் அங்கே இனங்காணப்பட்ட, காரணம் இன்னும் முடிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் வடமத்திய மாகாணத்தோடு நிற்காமல் வடமேல் மாகாணத்தின் பகுதிகளிலும் பதிவாகியுள்ளது. சிறுநீரகம் பழுதாவது அன்றாடச் செய்தியாகிவிட்ட ஒரு நிலப்பரப்பில், தீங்கற்ற ஒரு கட்டிக்காக நல்ல சிறுநீரகத்தை இழப்பது மற்ற இடங்களைவிடப் பெரிய நட்டம்.

நான்காவது எதிர்வாதம் நூல்களில் இராது. பேருந்து நிலையத்தில் கேட்கும். கற்பிட்டியிலிருந்து கொழும்பு 150 கிலோமீற்றருக்கு மேல். ஸ்கேன் வழிகாட்டலில் ஊசி செலுத்தும் கதிரியல் நிபுணரும், சிறப்புச் சாயங்களோடு பார்க்கும் நோயியல் கூடமும் ஒன்றாக இருப்பது பெரிய வைத்தியசாலைகளில்தான். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். பயணமும், கூட வருபவரின் செலவும், இழக்கும் நாட்கூலியும் இலவசம் அல்ல. பருவத்துக்குப் பருவம் வாடி மாறும் மீனவருக்கு, விடை கிடைக்காத பயொப்சி என்றால் இன்னொரு பயணம். இந்தச் சுமை உண்மையானது. ஒரேயடியாக வெட்டிவிட்டால் அலைச்சல் மிச்சம் என்ற எண்ணம் அதிலிருந்துதான் பிறக்கிறது. ஆனால் கணக்கை முழுதாகப் போட வேண்டும். பெரிய சத்திரசிகிச்சைக்குப் பின் பல வாரங்கள் வலை இழுக்கவோ தோணி தள்ளவோ முடியாது. பிற்காலத்தில் குருதி சுத்திகரிப்புத் தேவைப்பட்டால் வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் வைத்தியசாலையில் கழியும். அவசரப்படவும் தேவையில்லை. கவனிப்பில் வைக்கப்பட்ட சிறு கட்டிகள் சராசரியாக ஆண்டுக்கு 3 மில்லிமீற்றர் அளவே வளர்ந்திருக்கின்றன. பயொப்சிக்காகச் சில வாரங்கள் காத்திருப்பது பெரும்பாலோருக்குக் கேடு செய்யாது. இன்னொன்றும் உண்டு. ஊசியே வேண்டாம், ஸ்கேன் எடுத்து எடுத்துக் கவனிப்போம் என்ற வழி, தவணை தவறாமல் வரக்கூடியவருக்கே பாதுகாப்பு. வர முடியாத தொலைவில் இருப்பவருக்கு, கட்டி என்னவென்று தொடக்கத்திலேயே தெரிந்திருப்பது கூடுதல் அவசியம். தொலைவு, பயொப்சிக்கு எதிரான வாதமாகவும் அதற்குச் சார்பான வாதமாகவும் நிற்கிறது. எனக்கு இரண்டாவதே கனமாகத் தெரிகிறது.

ஆகவே என் முடிவு இது. வெட்டும் ஊசியால், ஸ்கேன் வழிகாட்டலில், ஒன்றுக்கு மேற்பட்ட துண்டுகளாக எடுக்கப்படும் சிறுநீரகப் பயொப்சி நல்ல சாட்சி. புற்று என்று அது சொன்னால் நம்பலாம். தீங்கற்றது என்று சொன்னால் சிறு கட்டியில் பெரிதும் நம்பலாம், கவனிப்பைக் கைவிடாமல். தீவிரம் குறைவு என்று சொன்னால் பாதி நம்பலாம். சொல்ல முடியவில்லை என்றால் அது இன்னும் வாய் திறக்கவில்லை என்று கொள்ள வேண்டும். எல்லாக் கட்டிக்கும் இந்தச் சாட்சியை அழைக்க வேண்டியதில்லை. 4 சென்ரிமீற்றருக்குக் குறைந்த கட்டியில், விடை முடிவை மாற்றக்கூடும் என்றால், அழைக்காமலே தீர்ப்பு எழுதுவது முறையல்ல. அறிக்கை ஆங்கிலத்தில் வரும்; கிளினிக்கில் கிடைக்கும் நேரமோ சில நிமிடங்கள்தான். அந்த நிமிடங்களுக்குள் கேட்க வேண்டியவை நான்கே: என் கட்டி எத்தனை சென்ரிமீற்றர்? படத்தை வைத்தே இது என்னவென்று சொல்ல முடியுமா? பயொப்சியின் விடை என் சிகிச்சையை மாற்றுமா? கட்டியை மட்டும் எடுத்துச் சிறுநீரகத்தைக் காப்பாற்ற முடியுமா? சத்திரசிகிச்சைக்குச் சம்மதம் கேட்டு நீட்டப்படும் தாளில் ஒப்பமிடும் முன் இந்த நான்கையும் கேளுங்கள். வெட்டி எடுத்த சிறுநீரகத்தைத் திரும்ப வைக்க முடியாது.